மரத்தில் நிற்பவனுக்கு ஒரு வாள், நிலத்தில் நிற்பவனுக்கு ஒரு வாள்
சங்கிலிவாள் வாங்குமுன் அறிந்திருக்க வேண்டியவை

நீண்ட காலத்தின் பின் சொந்த வளவுக்குத் திரும்பும் குடும்பம் முதலில் காண்பது வீட்டையல்ல, மரங்களையே. வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டு வந்த காணிகள் பல, இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. அதற்கிடையில் முற்றத்து வேம்பு கூரைக்கு மேல் கவிழ்ந்துவிட்டது. சுவரின் வெடிப்பில் விழுந்த ஆலம் விதை மரமாகிவிட்டது. கிணற்றுக் கட்டைப் பிளந்துகொண்டு அரசு நிற்கிறது. வீட்டைத் திருத்துவதற்கு முன் இவற்றை இறக்கியாக வேண்டும்.

இதனால் மரம் இறக்கும் வேலைக்குக் கேள்வி உண்டு. பயிர் செய்யக் காணியில்லாமல் இடம்பெயர்ந்து வாழும் இளைஞர்கள் சிலர் கடன்பட்டு ஒரு 'மெசின்' வாங்கி இத்தொழிலில் இறங்குகின்றனர். அவர்கள் எம்மிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எந்த மெசின் நல்லது?"

இக்கேள்விக்கு முன் வேறொரு கேள்வி உண்டு. அந்த வாளைப் பிடிக்கும்போது நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள்? நிலத்திலா, கொப்பிலா? நிலத்தில் நிற்பவனுக்கு நல்ல வாள், கொப்பில் நிற்பவனுக்குக் கெட்ட வாளாகலாம். வாங்கிய கடனை அடைப்பதும், குடும்பத் தலைவன் இரண்டு கைகளோடு வீடு திரும்புவதும் இக்கேள்விக்கான விடையிலேயே தங்கியுள்ளன.

பாரம் குறைந்த கதை

சங்கிலிவாளின் வரலாறு பாரம் குறைந்த வரலாறு எனலாம். ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் அன்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் 1926 இல் செய்த முதலாவது மின்சார வாள் ஏறத்தாழ 48 கிலோகிராம் நிறையுடையது. அதைத் தூக்க இருவர் வேண்டும். தனியொருவர் பிடிக்கக்கூடிய பெற்றோல் வாளை அவருடைய நிறுவனம் 1950 இல் வெளியிட்டது. அதுவும் 16 கிலோகிராம் இருந்தது. இன்று மரத்தில் ஏறுபவருக்கான மிகச் சிறிய வாள் இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு.

சங்கிலியின் பல்லுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் ஓறிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலாளியாக இருந்த ஜோசப் கொக்ஸ், 1946 இல் ஒரு மரக்குற்றியில் வண்டின் புழு இடமும் வலமுமாக மரத்தைத் தின்று முன்னேறுவதைக் கவனித்தார். அப்புழுவின் தாடையைப் போல, மாறி மாறி இடமும் வலமும் செதுக்கும் பற்களை வைத்து அடுத்த ஆண்டே புதிய சங்கிலியொன்றைச் செய்தார். இன்று நாம் காணும் சங்கிலிகள் அதன் வழியில் வந்தவையே. எனவே இவ்வாள் மரத்தை அறுப்பதில்லை, செதுக்குகிறது. பல் மழுங்கினால் எவ்வளவு பெரிய எஞ்சினாலும் பயனில்லை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இரண்டு வகை வாள்கள்

முதலாவது, பிடி பின்னால் உள்ள வாள். நாம் எங்கும் காணும் சாதாரண வாள் இதுவே. ஒரு கை பின்பிடியிலும் மறு கை முன்பிடியிலும் இருக்கும். இரு கைகளுக்கும் இடையில் நல்ல இடைவெளி இருப்பதால் வாளை உறுதியாக அடக்கலாம். நிலத்தில் நின்று மரம் தறிக்கவும், குற்றி போடவும் இதுவே உரியது.

இரண்டாவது, பிடி மேலே உள்ள வாள். இதன் பிடி எஞ்சினுக்கு மேலே இருக்கும். உருவம் குறுகியது, பாரம் குறைவு, கொப்புகளுக்கிடையே நுழைக்க இலகு. மரத்தில் ஏறி வேலை செய்யப் பயிற்சி பெற்றவர்களுக்கென்றே இது செய்யப்பட்டது. சர்வதேச நியமம் இவ்வகை வாளுக்கு நிறை எல்லையும் விதித்துள்ளது: தகடும் சங்கிலியும் இல்லாமல், தாங்கிகள் வெறுமையாக இருக்கையில், 4.3 கிலோகிராமுக்கு மேற்படக் கூடாது.

'சின்ன மெசின்தானே, நிலத்திலும் பாவிக்கலாம்' என்று எண்ணுவது ஆபத்தானது. இதில் இரு கைகளும் கிட்டக்கிட்ட இருப்பதால், வாள் உதைத்தால் அடக்கும் பலம் குறைவு. நிலத்து வேலைக்குப் பின்பிடி வாளே பாதுகாப்பு.

உதைப்பு என்றால் என்ன?

சங்கிலி ஓடும் நீண்ட தகட்டைத் தொழிலாளர் 'பார்' என்பர். அதன் நுனியின் மேற்பாதி ஏதாவது ஒன்றில் முட்டினால், ஓடும் சங்கிலி மரத்தைச் செதுக்க முடியாமல் மரத்தையே பிடித்துத் தள்ளுகிறது. அந்த வேகம் முழுவதும் வாளை மேலும் பின்னுமாக, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எறிகிறது. சங்கிலி விநாடிக்கு 20 மீற்றர் அளவில் ஓடுகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். விலகிக்கொள்ளலாம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

இதற்காகவே முன்பிடிக்கு முன்னால் கைக்காப்பு ஒன்று உண்டு. வாள் உதைக்கும்போது அது முன்னோக்கிச் சாய்ந்து சங்கிலியை நிறுத்தும். இதுவே சங்கிலித் தடை, அதாவது 'பிறேக்'. ஹஸ்க்வானா நிறுவனம் தானாக இயங்கும் தடையை 1973 இல் அறிமுகப்படுத்தியது. தடை இல்லாத, அல்லது தடை பழுதான பழைய வாளை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

மரத்தின் மேல் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. சுற்றிலும் கொப்புகள் இருப்பதால் நுனி முட்ட இடம் அதிகம். பின்வாங்க இடமில்லை. மேற்பிடி வாள் பாரம் குறைந்தது என்பதால் ஒரு கையால் வாளும் மறு கையால் கொப்பும் பிடிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. கொப்பைப் பிடித்த கையே பெரும்பாலும் வெட்டுப்படும் கை என்பதை மறக்கலாகாது. இரண்டு கையாலும் வாளைப் பிடிக்க வேண்டுமானால் உடலைக் கயிறு பிடிக்க வேண்டும். ஆகவே வாளைத் தெரிவு செய்வதும் கயிற்றைத் தெரிவு செய்வதும் ஒரே காரியத்தின் இரு பாதிகள்.

கயிறு முதலில், வாள் பிறகு

கொப்பில் நின்று வாளை இயக்குபவர் இரண்டு இடங்களில் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒன்று, மேலே உறுதியான கவரில் போட்ட ஏறுகயிறு. மற்றது, மரத்தைச் சுற்றி இடுப்புப் பட்டியில் கொளுவும் குறுங்கயிறு. இக்குறுங்கயிற்றின் உள்ளே உருக்குக் கம்பி இருந்தால் நல்லது. வாள் தவறிப் பட்டாலும் உடனே அறாது. கம்பி இருந்தாலும் வாளுக்கு முன் எந்தக் கயிறும் நில்லாது என்பதால்தான் இரண்டு வேண்டும்.

ஆளைத் தாங்குவதற்குத் தும்புக் கயிறோ மாட்டுக் கயிறோ உதவாது. ஏறுவதற்கென்று செய்யப்பட்ட கயிறே வேண்டும். சீவல் தொழிலாளர் காலில் போடும் தளைநார் ஏறுவதற்கு உதவும், விழுபவரைப் பிடிக்காது.

பட்டியும் கயிறும் வாங்கக் காசு போதாதவர், மேற்பிடி வாளையும் வாங்காமல் விடுவதே நல்லது. அதுவரை மரத்தின் மேல் வளைந்த கைவாளைப் பாவிக்கலாம். 30 சென்ரிமீற்றர் அளவான, இழுக்கும்போது வெட்டும் நல்ல கைவாள் கையின் மொத்தமுள்ள கொப்பைச் சில நிமிடங்களில் அறுத்துவிடும். பெற்றோல் வேண்டாம், உதைப்பு இல்லை, உறையில் போட்டுக்கொண்டு ஏறலாம். சங்கிலிவாள் வைத்திருக்கும் தேர்ந்த தொழிலாளரும் இடுப்பில் ஒரு கைவாளை எப்போதும் வைத்திருப்பர்.

எவ்வளவு 'சீசீ' வேண்டும்?

மோட்டார் சைக்கிளைப் போலவே சங்கிலிவாளின் எஞ்சினும் 'சீசீ' அளவில் சொல்லப்படுகிறது. அளவு கூடினால் பலமும் கூடும், பாரமும் கூடும்.

மரத்தின் மேல்: 25 முதல் 35 சீசீ வரை போதும். பார் 10 முதல் 14 அங்குலம். உதாரணமாக, எக்கோ 2511 என்னும் மேற்பிடி வாள் 25 சீசீ, ஏறத்தாழ 2.3 கிலோகிராம். ஸ்டில் 201 மேற்பிடி வாள் 35.2 சீசீ, 3.7 கிலோகிராம். இந்நிறைகள் பார், சங்கிலி, எரிபொருள் சேராதவை. கையை நீட்டிப் பிடிக்கும்போது ஒரு கிலோ வித்தியாசம் பின்னேரத்தில் நான்கு கிலோவாகத் தெரியும். களைத்த கையே தவறு செய்யும்.

நிலத்தில், சாதாரண வேலைக்கு: 40 முதல் 60 சீசீ வரை, பார் 15 முதல் 18 அங்குலம். வீட்டுத் தேவைக்கென விற்கும் 30 சீசீ அளவான வாள்கள் விறகு வெட்டப் போதும். நாள் முழுவதும் கூலிக்குப் பாவிப்பதற்காக அவை செய்யப்படவில்லை.

பெரிய அடிமரங்களுக்கு: 70 சீசீக்கு மேல், பார் 20 அங்குலமோ கூடவோ. ஸ்டில் 381 இவ்வகை: 72.2 சீசீ, 6.6 கிலோகிராம். மர ஆலைகளிலும் பலகை அரியும் இடங்களிலும் நாம் காணும் பழைய ஸ்டில் 070 வாள் 100 சீசீக்கு மேற்பட்டது, 10 கிலோவுக்கு மேல் பாரமுடையது. அது நிலத்தில் கிடக்கும் குற்றிக்குரியது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தில் ஏறுவது உயிரோடு விளையாடுவதாகும்.

பாரின் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தின் விட்டத்துக்குச் சமமான பார் வேண்டுமென்பதில்லை. இருபுறமிருந்தும் வெட்டினால் பாரின் நீளத்தைவிடத் தடித்த மரத்தையும் தறிக்கலாம். தேவைக்கு மேல் நீண்ட பார் எஞ்சினைத் திணறச் செய்யும். நுனி எங்கே முட்டுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது.

பற்றரி வாள்களும் இப்போது வந்துள்ளன. சத்தம் குறைவு, புகை இல்லை, கயிறு இழுத்து இயக்கும் தொல்லை இல்லை. மரத்தின் மேல் இவை பெரும் வசதி. ஆனால் பற்றரி விலை கூடியது. ஒரு நாள் வேலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பற்றரி வேண்டும். வேலை செய்யும் வளவில் மின்சாரம் இல்லாவிட்டால் பாதி நாளில் வேலை நின்றுவிடும். விசையை அழுத்தியவுடன் ஓடும் என்பதால், கையிலிருந்து விடுமுன் தடையைப் போடும் பழக்கம் இதற்கு இன்னும் அவசியம்.

எமது மரங்களின் குணம்

வாளைத் தெரிவு செய்யும்போது எந்த மரத்தில் வேலை என்பதையும் எண்ண வேண்டும். வேம்பும் மாவும் நல்ல பல்லுக்கு இலகுவாக இடம் கொடுக்கும். புளியின் வைரம், பாலை, முதிரை ஆகியவை பல்லை விரைவில் மழுங்கச் செய்யும். இவற்றுக்குச் செல்வோர் கூர்தீட்டிய இரண்டாவது சங்கிலி ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பச்சை மரம் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ ஒரு தொன் நிறையுடையது. 30 சென்ரிமீற்றர் விட்டமும் 3 மீற்றர் நீளமும் உள்ள ஒரு கொப்புத் துண்டு 200 கிலோ வரை வரும். அதாவது மூன்று ஆட்களின் பாரம். அதைக் கையால் பிடித்து இறக்கலாம் என எண்ண வேண்டாம். சிறு துண்டுகளாக வெட்டுங்கள், அல்லது அடிமரத்தில் சுற்றிய வேறொரு கயிற்றால் இறக்குங்கள்.

பனையும் தென்னையும் வேறு சாதி. அவற்றின் வெளிப்புறம் கடினம், உட்புறம் மென்மையான நார். நார் சங்கிலிக்குள்ளும் பற்சில்லுக்குள்ளும் சிக்கும். அடிக்கடி வாளை நிறுத்தி மூடியைக் கழற்றித் துப்புரவாக்க வேண்டும். போர் நடந்த இடங்களில் செல் பட்டுத் தலையிழந்த பனைகள் நின்றதை நாம் அறிவோம். பனைக்கு வளரும் குருத்து ஒன்றே. தலை போன பனை செத்த பனை. வெளியே வைரமாகத் தெரிந்தாலும் உள்ளே உக்கியிருக்கும். அவ்வாறான மரத்தில் எவரும் ஏறக் கூடாது.

போர்ப் பிரதேச மரங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சன்னமும் செல் துண்டும் மரத்துக்குள் புதைந்து, மேலே பட்டை மூடியிருக்கும். ஓடும் சங்கிலி இரும்பில் பட்டால் பல் உடைந்து பறக்கும், சங்கிலி அறும். பட்டையில் பழைய தழும்பு, வீக்கம், கறுத்த கறை ஆகியவை இருக்கின்றனவா என வெட்டுமுன் சுற்றிப் பாருங்கள். அவ்விடத்தைத் தவிர்த்து மேலேயோ கீழேயோ வெட்டுங்கள். மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத காணிக்குள் விறகுக்காகவேனும் கால் வைக்க வேண்டாம்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

புதிதோ பழையதோ, காசு கொடுக்குமுன் வாளை இயக்கிக் காட்டும்படி கேளுங்கள்.

1. எஞ்சின் மெதுவாக ஓடும்போது சங்கிலி அசையாமல் நிற்க வேண்டும்.
2. வாளை நிலத்தில் வைத்து உறுதியாகப் பிடித்துச் சற்று வேகமாக ஓட்டி, கைக்காப்பை முன்னே தள்ளினால் சங்கிலி உடனே நிற்க வேண்டும்.
3. பின்பக்கத்துப் பாதுகாப்பு விசையை அழுத்தாமல் வேக விசை அழுந்தக் கூடாது.
4. நிறுத்தும் விசையை அமர்த்தியவுடன் எஞ்சின் நிற்க வேண்டும்.
5. காய்ந்த தேக்கிலைக்கு மேலே, தொடாமல், பாரின் நுனியைப் பிடித்து ஓட்டினால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் எண்ணெய்ப் பம்பு வேலை செய்யவில்லை.
6. சங்கிலி அறுந்தால் அதைப் பிடிக்கும் சிறு கொளுக்கி எஞ்சினுக்குக் கீழே, சங்கிலி உட்செல்லும் இடத்தில் இருக்க வேண்டும்.
7. பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள றப்பர் அல்லது சுருள்வில் பழுதற்று இருக்க வேண்டும். அதிர்வு நாட்பட விரல்களை மரத்துப்போகச் செய்யும்.

பெயர்பெற்ற கொம்பனிகளின் நிறத்திலும் பெயரிலும் போலி வாள்கள் விற்கப்படுகின்றன. விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தால் நம்ப வேண்டாம். தொடரிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்பதையும் விசாரியுங்கள். கொழும்பில் மட்டும் பாகம் கிடைக்கும் சிறந்த வாளைவிட, அருகிலுள்ள பட்டணத்தில் பாகம் கிடைக்கும் இரண்டாந்தர வாள் ஏழைத் தொழிலாளிக்கு மேலானது.

வைத்துப் பேணுதல்

பெற்றோலுடன் இரண்டடி எஞ்சின் எண்ணெயைக் கலக்கும் அளவு எண்ணெய்த் தகரத்தில் எழுதப்பட்டிருக்கும். தரமான எண்ணெய்க்குப் பொதுவாக 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு, அதாவது 5 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர். கலந்ததை மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். சங்கிலிக்கு வாகனத்திலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றுவதும் வேண்டாம். அது பம்பைக் கெடுக்கும், தோலுக்கும் தீங்கு.

எரிபொருள் நிரப்பும் ஒவ்வொரு வேளையும் சங்கிலியைப் பாருங்கள். கூரான பல் சீவல் தரும். மழுங்கிய பல் மாவாகத் தூள் தரும். தூள் வந்தால் வேலையை நிறுத்தி அராவுங்கள். சிறிய மேற்பிடி வாள்களின் சங்கிலிக்கு 4 மில்லிமீற்றர் வட்ட அரம் பெரும்பாலும் பொருந்தும். பெரியவற்றுக்குச் சங்கிலிக்கேற்ப அளவு மாறும். பல்லுக்கு முன்னால் உள்ள சிறு மேட்டை அளவுக்கு மீறி அராவினால் வாள் வேகமாக வெட்டுவதுபோலத் தோன்றும். உண்மையில் உதைப்பு கூடும்.

காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்கவசம், சப்பாத்து ஆகியவை ஆடம்பரமல்ல. இவ்வாளின் சத்தம் நாளாந்தம் கேட்பவரின் செவியை நிரந்தரமாகக் கெடுக்கும்.

எந்த ஒழுங்கில் வாங்குவது?

காசு குறைந்த குடும்பத்துக்கு நாம் கூறும் ஒழுங்கு இது. முதலில் தலைக்கவசமும் பட்டியும் கயிறும். அடுத்து நல்ல கைவாள். மூன்றாவதாக, 50 சீசீ அளவான பின்பிடி வாள். இம்மூன்றோடும் உழைத்துக் கடனை அடைத்த பின்னரே, பயிற்சியும் பெற்று, மேற்பிடி வாள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். மெசினுக்குக் கடன்பட்டுக் கயிற்றுக்குக் காசில்லாமல் மரத்தில் ஏறுகின்றனர்.

தனியே வாங்குவதைவிட நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்குவது நன்று. இது காசுக்காக மட்டுமல்ல. மரத்தின் மேல் ஒருவர் வேலை செய்யும்போது, ஏறத் தெரிந்த இன்னொருவர் கீழே நிற்க வேண்டும். மேலே உள்ளவருக்குக் காயம் நேர்ந்தால் ஏறி இறக்கக்கூடியவர் அவரே. ஒரு வாளுக்குச் சொந்தக்காரர் தனியாகச் செல்வார், குழு தனியாகச் செல்லாது. ஒவ்வொரு நாட் கூலியிலும் ஒரு பங்கைச் சங்கிலிக்கும் அரத்துக்கும் பாருக்கும் என ஒதுக்கிவைக்கவும் குழுவால் இயலும்.

இறுதியாகச் சட்டத்தையும் மறக்கலாகாது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவிலும் அனுமதியின்றித் தறிக்க 1951 ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் இடமளிப்பதில்லை. வேறு மரங்களைத் தறிக்கவும் ஏற்றிச் செல்லவும், வாளைப் பதிவு செய்யவும் என்ன தேவை என்பதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் முன்கூட்டியே கேட்டறியுங்கள். மின்கம்பி அருகே உள்ள மரமாயின், மின்சார அலுவலகம் மின்னைத் துண்டிக்கும்வரை ஏற வேண்டாம்.

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் மூன்று விடைகளை எழுதிக்கொள்ளுங்கள். வாளைப் பிடித்து நான் எங்கே நிற்பேன்? என்னை எது தாங்கும்? கீழே யார் நிற்பார்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால், எந்த வாள் என்பதற்கும் விடை தானாகவே வந்துவிடும்.